தாழ்ந்த மூக்கு, தூக்கிய பின்புறம்: ஹாட் ராட் ரசனையும் அதன் இயந்திரக் கணக்கும்

1932-ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டர் (நிலையான கூரையில்லாத கார்) மூன்றை வரிசையாக நிறுத்தி வைத்ததாகக் கொள்வோம். முதல் வண்டிக்குக் கறுப்பு பெயின்ட், 16 அங்குல இரும்புச் சக்கரம், முன்னால் ஒல்லி டயர், பின்னால் தடித்த டயர். இரண்டாவதற்குத் தலைமுதல் கால்வரை ஒரே வெளிர் நிறம். கதவில் கைப்பிடி இல்லை, கீல் தெரியவில்லை, சக்கரங்கள் அலுமினியத்தில் குடைந்தவை. மூன்றாவது வெறும் பிரைமரோடு நிற்கிறது. பழகிய கண் முதல் வண்டியை 1940-களின் பாணி என்றும், இரண்டாவதை 1980-கள் என்றும், மூன்றாவதை 1990-களுக்குப் பின் என்றும் நொடியில் பிரித்துவிடும். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே காரின் சட்டம் (சேஸிஸ்) தான். வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் இப்படி மாற்றிக் கட்டிய பழைய காரைத்தான் ஹாட் ராட் என்பார்கள்.

இந்த மாற்றங்களை வெறும் மோஸ்தர் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஒவ்வொரு பாணியும் அந்தக் காலத்தில் பழைய இரும்புக் கடையில் என்ன கிடைத்ததோ அதிலிருந்து பிறந்தது. கண்ணுக்காக எடுக்கும் ஒவ்வொரு முடிவும் ஆக்ஸிலிலோ பிரேக்கிலோ கதவிலோ தன் விலையைக் கேட்கும். அந்தக் கணக்கு தெரிந்தவரின் ரசனைதான் சாலையில் ஓடும்.

முப்பத்திரண்டுக்கு ஏன் இந்த மவுசு

ஃபோர்டு 1932-இல் சாதாரண மக்களுக்கான காரில் வி-8 இன்ஜினைப் பொருத்தியது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வால்வுகள் பிளாக்கிலேயே இருந்ததால் மேல்மூடி தட்டையாக அமைந்தது. அதனால் ஃபிளாட்ஹெட் என்று பெயர். சில வருடங்களில் இந்தக் கார்கள் பழைய வண்டிகளாகி மலிவு விலைக்கு வந்தன. சீட்டுக்கட்டில் இரண்டாம் எண் சீட்டுக்குள்ள 'டூஸ்' என்ற பெயர் அந்த ஆண்டின் காருக்கு ஒட்டிக்கொண்டது.

இன்ஜின் மட்டும் காரணமில்லை. அதற்கு முந்தைய மாடல் ஏ காரில் சட்டத்தின் பக்கவாட்டைத் தனித் தகடு மறைத்திருக்கும். முப்பத்திரண்டில் அந்தத் தகடு கிடையாது. சட்டமே வெளியே தெரியும், அதில் அழகான ஒரு வரி அச்சாகியிருக்கும். மட்கார்டுகளைக் கழற்றிவிட்டாலும் வண்டி அரைகுறையாகத் தெரியாது. சட்டத்தின் மேல் பாடி அப்படியே உட்கார்ந்து, மட்கார்டு இல்லாமல் நிற்கும் வடிவத்தை 'ஹைபாய்' என்பார்கள். மாடல் ஏ-யின் சிறிய பாடியை முப்பத்திரண்டின் சட்டத்தில் ஏற்றுவதும் அந்தக் காலத்திலேயே பரவியது. அதற்குச் சட்டத்தின் முன்பகுதியைப் பாடியின் அகலத்துக்கு ஏற்ப உள்ளே நெருக்க வேண்டும். நெருக்காமல் ஏற்றினால் பாடிக்கு வெளியே சட்டம் துருத்திக்கொண்டு நிற்கும்.

மட்கார்டைக் கழற்றியது முதலில் வேகத்துக்காகத்தான். தெற்கு கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் நேர்கோட்டில் வண்டி விட்டு நேரம் குறித்தார்கள். அந்தக் குழுக்களை ஒருங்கிணைக்க 1937-இல் எஸ்சிடிஏ (தெற்கு கலிஃபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம்) உருவானது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனின் ஹாட் ராட் இதழ் வந்தது. 1949-இல் யூட்டாவின் பான்வில் உப்புப் படுகையில் வேக வாரம் தொடங்கியது. படங்கள் அச்சில் வந்த பிறகு, லாஸ் ஏஞ்சலஸ் பையன் செய்த வேலையை நாட்டின் மறுகோடியில் இருந்தவனும் பார்த்துச் செய்தான். ஆனாலும் வட்டார வேறுபாடு போகவில்லை. மேற்குக் கரையில் ஹைபாய். கிழக்குக் கரையில் தரையை வெட்டி, பாடியைச் சட்டத்தின் மேலேயே கீழிறக்கி உட்கார வைக்கும் 'சேனலிங்' அதிகம். சேனல் செய்த வண்டி பார்க்கப் பதுங்கிய பூனை மாதிரி இருக்கும். ஆனால் தரை மேலேறி வருவதால் ஓட்டுபவர் காலை நேராக நீட்டித்தான் உட்கார வேண்டும்; பெடல், ஸ்டியரிங் தண்டு இரண்டின் கோணத்தையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

மூக்கைத் தாழ்த்தினால் என்னவெல்லாம் மாறும்

ஹாட் ராடின் தோற்றத்தில் பாதியைத் தீர்மானிப்பது அது நிற்கும் விதம். மூக்கு தாழ்ந்து, பின்புறம் சற்றே தூக்கியிருக்க வேண்டும். 1940-களிலிருந்து இன்றுவரை மாறாத ரசனை இது ஒன்றே.

பழைய ஃபோர்டில் முன்பக்கம் ஒரே ஆக்ஸில், அதன் மேல் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். தாழ்த்துவதற்கு ஆக்ஸிலின் இரு முனைகளையும் பழுக்கக் காய்ச்சி இழுத்து வளைத்தார்கள். சக்கரம் மாட்டும் இடம் இரண்டரை முதல் நான்கு அங்குலம் வரை மேலே போக, சட்டம் அந்த அளவு கீழே வரும். சக்கரத்தோடு ஸ்டியரிங் ஆர்மும் மேலேறிவிடுவதால், இரு முன்சக்கரங்களையும் இணைத்துத் திருப்பும் டை ராட், ஆக்ஸிலைத் தாங்கும் விஷ்போனில் போய் இடிக்கும். ஆகவே ஆர்மையும் காய்ச்சிக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். ஸ்டியரிங்கை இரு கோடி வரை ஒடித்தும், ஸ்பிரிங்கை முழுக்க அமுக்கியும் இடைவெளி பார்க்காமல் சாலையில் இறக்கக் கூடாது.

அடுத்தது கேஸ்டர். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் அது. ஒற்றை ஆக்ஸில் வண்டிக்கு 5 முதல் 7 டிகிரி வேண்டும். முன்னால் சிறிய டயரும் பின்னால் பெரிய டயரும் போட்டு வண்டியை முன்சாய்த்தால் கேஸ்டர் அந்த அளவு குறையும். முப்பத்திரண்டின் சக்கர இடைவெளி 106 அங்குலம். பின்பக்கம் 1.85 அங்குலம் உயர்ந்தாலே ஒரு டிகிரி போய்விடும். கேரேஜ் தரையில் சமமாக நிறுத்தி 5 டிகிரி வைத்தவர், பெரிய டயர் மாட்டிய பிறகு 3 டிகிரியோடு நெடுஞ்சாலைக்குப் போவார். வண்டி நேராக நிற்காமல் அலையும். தேய்ந்த கிங்பின்னோ ஆடும் டை ராட் முனையோ சேர்ந்தால் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் உதறும். கடைசி டயர்களை மாட்டி, கடைசி உயரத்தில் நிறுத்திய பிறகுதான் கேஸ்டரை அளக்க வேண்டும்.

இன்னொரு தவறு இன்றும் பல வண்டிகளில் நடக்கிறது. விஷ்போன் என்பது ஆக்ஸிலின் இரு பக்கத்திலிருந்தும் கிளம்பி, பின்னால் நடுவில் ஒரே உருண்டை மூட்டில் சேரும் ஆங்கில 'வி' வடிவத் தண்டு. எந்தச் சக்கரம் ஏறி இறங்கினாலும் மொத்த அமைப்பும் அந்த ஒரு மூட்டில் திரும்பும், எதுவும் முறுகாது. வேறு இன்ஜினோ கியர்பாக்ஸோ வைக்கும்போது நடு மூட்டு இடைஞ்சலாகிறது. அதனால் அதை இரண்டாகப் பிளந்து, இரு கைகளையும் சட்டத்தின் இரு ஓரங்களில் மாட்டுவார்கள். இப்போது ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் இரண்டு கைகளும் வெவ்வேறு கோணத்தில் நிற்கும். இரண்டும் ஆக்ஸிலோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் ஆக்ஸிலே முறுகியாக வேண்டும். பழைய ஃபோர்டின் ஐ-வடிவ ஆக்ஸில் அந்த முறுக்கைத் தாங்கும். குழாய் ஆக்ஸில் முறுகாது. குழாய் ஆக்ஸிலுக்குப் பிளந்த விஷ்போன் மாட்டினால், வெல்டிங் செய்த பிராக்கெட் ஒருநாள் விரிசல் விடும்.

குழாய் ஆக்ஸில்தான் பிடித்திருக்கிறது என்றால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இணைத்தண்டு போட வேண்டும். அதற்குப் பெயர் ஃபோர் பார். ஆக்ஸில் முறுகாமல் மேலும் கீழும் போகும், கேஸ்டரும் மாறாது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த பொருள் மாதிரி இருக்கும். 1940-களின் தோற்றத்தில் கட்டும் வண்டியில் அது கண்ணை உறுத்தும். குறுக்கே தள்ளும் ஸ்டியரிங் பெட்டி வைத்தால், ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் தண்டும் கட்டாயம். ஸ்பிரிங் ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்குவதால் ஆக்ஸில் பக்கவாட்டில் நகரும்; அந்த நகர்வு தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும். ஸ்டியரிங் இணைப்புத் தண்டுக்கு இணையாக, ஏறக்குறைய அதே நீளத்தில் பான்ஹார்ட் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

பிரேக் கதை சுருக்கமானது. 1932 ஃபோர்டில் கம்பியால் இழுக்கும் பிரேக். 1939-இல்தான் ஃபோர்டு ஹைட்ராலிக்குக்கு மாறியது. அன்று முதல் 1939-48 டிரம்களைப் பழைய வண்டிக்கு மாற்றுவது முதல் வேலையாயிற்று. பிறகு டிஸ்க் பிரேக் வந்தது. மட்கார்டு இல்லாத வண்டியில் டிஸ்க் பளிச்சென்று வெளியே தெரிவதால், அதன் மேல் விசிறி வரிகள் கொண்ட பழைய ப்யூக் டிரம் போன்ற அலுமினிய மூடி போட்டு மறைப்பவர்கள் உண்டு. ரசனையும் பாதுகாப்பும் ஒத்துப்போன நல்ல ஏற்பாடு. பலர் கோட்டைவிடும் இடம் வேறு. மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் எண்ணெய் திரும்ப வடிந்துவிடும். முதல் மிதிக்குப் பெடல் பிடி இல்லாமல் கீழே போகும். டிஸ்க்குக்குப் போகும் குழாயில் 2 பிஎஸ்ஐ, டிரம்முக்குப் போகும் குழாயில் 10 பிஎஸ்ஐ மிச்ச அழுத்த வால்வு போட வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் டிஸ்க் எந்நேரமும் உரசிச் சூடேறும்.

கூரையை வெட்டுதல்

கூரையைத் தாழ்த்துவது போல ஒரு காரின் முகத்தை மாற்றும் வேலை வேறில்லை. பாழாவதற்கும் இதற்கு ஈடு இல்லை. இரண்டரை அல்லது மூன்று அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் ஜன்னல் தபால் பெட்டியின் வாய் மாதிரி ஆகிவிடும், இருக்கையையும் தரையோடு வைக்க வேண்டிவரும்.

மாடல் ஏ-யின் தூண்கள் ஏறக்குறைய செங்குத்து. வெட்டி எடுத்துக் கீழே இறக்கினால் பெரும்பாலும் பொருந்தும். முப்பத்திரண்டு கூபேயில் (நிலையான கூரையுள்ள இரண்டு கதவு கார்) தூண்கள் மேலே போகப்போகச் சற்று உள்வாங்கும். இறக்கிய கூரையின் கால்கள் கீழ்த் தூண்களின் மேல் சரியாக வந்து நிற்காது. 1933-34 கூபேயின் முன்தூண் நன்றாகவே பின்சாய்ந்தது. அங்கே கூரையைக் குறுக்கே வெட்டி நடுவில் தகடு சேர்த்து நீட்டுவதா, தூண்களைச் சாய்த்துப் பொருத்துவதா என்பதில்தான் செய்பவரின் கண் தெரியும். நீட்டினால் பழைய ஜன்னல் வடிவம் நிற்கும். சாய்த்தால் வண்டி நிற்கும்போதே ஓடுவது போல் இருக்கும்.

வெட்டும் முன் பாடியைச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி, கதவுகளைச் சாத்தி, இடைவெளிகளைச் சரிபார்த்து, உள்ளே ஓர் அங்குலச் சதுரக் குழாயால் தூணுக்குத் தூண் குறுக்கும் நெடுக்கும் முட்டுக்கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் அறுத்தால் கூரை போன நொடியில் பாடி விரிந்துகொள்ளும். அதன்பின் கதவு சாத்தாது. எல்லாத் தூண்களையும் ஒரே உயரத்தில் அறுப்பதும் தவறு. ஒவ்வொரு தூணும் எங்கே நேராகவும் ஒரே அகலமாகவும் இருக்கிறதோ அங்கே அறுக்க வேண்டும். எடுக்கும் அளவு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் போதும். வெல்டிங்கை ஒரே இழுப்பில் ஓட்டக் கூடாது. ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி, அடுத்தது எதிர்ப் பக்கம், கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு மறுபடி இங்கே. அவசரப்பட்டால் கூரைத் தகடு அலை அலையாக நெளியும். அதை மறைக்க அப்பும் பட்டி பின்னால் வெடிக்கும்.

பட்டிக்குப் பதிலாக ஈயத்தை உருக்கி நிரப்பும் பழைய முறையை இன்றும் விரும்பிச் செய்கிறார்கள். ஈயம் ஒட்டுவதற்குப் பூசும் அமிலத்தைச் சமையல் சோடா கலந்த தண்ணீரால் நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் சில மாதங்களில் பெயின்டுக்கு அடியில் கொப்புளம் எழும். கண்ணாடி விஷயத்தில் பழைய கார் தரும் பெரிய வசதி, எல்லாமே தட்டைக் கண்ணாடி. அடுக்குக் கண்ணாடியைக் குறைந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். டெம்பர் செய்ததை (சூடேற்றிக் கடினமாக்கியதை) வெட்ட முடியாது, நொறுங்கிவிடும்.

செவர்லே வந்ததும், அதன் பின்னும்

ஃபிளாட்ஹெட்டை முறுக்கேற்றுவது ஒரு தனிக் கலை. மெர்க்குரி காரின் 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்கைப் போட்டு, துளையை மூன்றே ஐந்து பதினாறில் அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் 239 கன அங்குல இன்ஜின் 276 ஆகும். பந்தய பாகங்கள் செய்த எடல்பிராக்கின் இன்டேக், இஸ்கெண்டேரியனின் கேம், மேலே ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்கள். அதன் தொண்டை 0.97 அங்குலம், பெயர் அதிலிருந்து வந்தது. இன்று அதை மாட்டுபவர்கள் புதிய பெட்ரோல் பம்ப்பின் 5, 6 பிஎஸ்ஐ அழுத்தத்தை அப்படியே கொடுத்துவிட்டு, பெட்ரோல் வழிகிறது என்று கார்புரேட்டரைக் குறை சொல்வார்கள். அதற்கு இரண்டரை பிஎஸ்ஐ போதும், மூன்றைத் தாண்டக் கூடாது. ஃபிளாட்ஹெட் சூடேறுவதற்கு வடிவமே காரணம்: எக்ஸாஸ்ட் வழி பிளாக்குக்குள் தண்ணீரின் ஊடே போகிறது, ஒவ்வொரு பக்கத்திலும் நடு இரண்டு சிலிண்டர்கள் ஒரே வாயைப் பகிர்கின்றன. தண்ணீர் அறைகளில் வார்ப்பு மணல் தங்கியிருந்தால் எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் காப்பாற்றாது.

1953 ஃபோர்டு வி-8 தந்தது 110 குதிரைத்திறன். 1955-இல் வந்த செவர்லேயின் சிறிய 265 கன அங்குல வி-8, எதையும் தொடாமலேயே 162 தந்தது. ரசனை அங்கே திரும்பியது. ஃபோர்டு காரில் செவர்லே இன்ஜினா என்ற முணுமுணுப்பு இன்றும் கேட்கிறது. இட அமைப்பு அந்த முடிவை எளிதாக்கியது: ஃபோர்டின் சிறிய வி-8-இல் எண்ணெய்த் தொட்டியின் ஆழப் பகுதி முன்னால் இருப்பதால் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், தண்ணீர் பம்ப்பும் நீளம். செவர்லேயில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் இருப்பதால், இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலை உள்ளே குழிக்க வேண்டும். அது தகடு வேலையோடு முடிந்துவிடும்.

1970-இல் இல்லினாய் மாநிலம் பியோரியாவில் முதல் ஸ்ட்ரீட் ராட் நேஷனல்ஸ் கூடியது. பந்தயத்தை விட்டுவிட்டு, 1948 வரையிலான கார்களில் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகும் ரசனை அது. ஏசி வந்தது, ஆட்டோமேட்டிக் கியர் வந்தது, ஃபைபர் பாடி பரவியது. ஃபைபர் பாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் கம்பி சட்டம்வரை இழுக்காவிட்டால் இண்டிகேட்டர் போடும்போது பிரேக் விளக்கும் சேர்ந்து மினுங்கும். முன்பக்கத்துக்கு 1974-78 மஸ்டாங் டூ காரின் தனித்தனிச் சஸ்பென்ஷன் பொது வழக்கமாயிற்று. அதன் குறுக்குச் சட்டத்தை வெல்டிங் செய்யும்போது, வண்டியின் முன்சாய்வைக் கொடுத்து நிறுத்திய பிறகே மட்டம் பார்க்க வேண்டும். மட்கார்டு உள்ள வண்டியில் இது சொகுசான தீர்வு. ஹைபாயில் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். எல்லாம் திறந்து கிடக்கும் முன்பக்கத்தில் ஒரு ஆக்ஸிலும் ஒரு ஸ்பிரிங்கும் தெரிந்தால் அழகு. அங்கே ஆர்மும் காயில் ஸ்பிரிங்கும் நெரிசலாக நின்றால் கண் ஓய்வெடுக்க இடமில்லை.

1980-களில் பாய்ட் காடிங்டன் போன்ற ஹாட் ராட் கட்டுபவர்கள் அலுமினியக் கட்டியைக் கடைந்து சக்கரமும் கைப்பிடியும் கண்ணாடிச் சட்டமும் செய்தார்கள். துருத்தும் எதையும் நீக்கிவிடுவதுதான் அந்தப் பாணியின் உயிர். அந்த மழமழப்புக்குப் பின்னால் இருந்த உழைப்பை மறுக்க முடியாது. ஆனால் கதவைத் திறக்க சோலனாய்டு (மின்காந்த இழுவி) வைத்தவர், பேட்டரி இறங்கிய அன்று வெளியே நிற்பார். கீழிருந்து எட்டி இழுக்கும்படி ஒரு மறைவுக் கம்பி, இல்லாவிட்டால் வெளியிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்க மறைவாக இரண்டு முனை, இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் கைப்பிடியை வெட்டக் கூடாது.

அந்த மழமழப்பு சலித்தபோது பார்வை மீண்டும் பழசின் பக்கம் திரும்பியது. 1997-இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கார் அழகுப் போட்டியில் முதல்முறையாக ஹாட் ராடுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். டோன் ஸ்பென்சர் 1940-களில் கட்டிய முப்பத்திரண்டு ரோட்ஸ்டர் அதில் முதலிடம் பெற்றது. அதே பத்தாண்டில் எதிர்முனையில் 'ராட் ராட்' (rat rod, 'எலி' ராட்) பரவியது: துரு, பிரைமர், கிடைத்த பாகம். பெயின்டுக்குக் காசில்லாத இளைஞனின் நேர்மை அதில் உண்டு. வேண்டுமென்றே மோசமாக வெல்டிங் செய்து அதைப் பாணி என்பதை ஏற்க முடியாது. பிரைமரையே கடைசிப் பூச்சாக விடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். வெளியே மங்கலாக அழகாக இருக்கும்போதே உள்ளே தகடு துருப்பிடிக்கும். எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பளபளப்பில்லாத பெயின்ட் பூசினால் அதே தோற்றம் கிடைக்கும், தகடும் பிழைக்கும்.

ஆகவே கட்டத் தொடங்குபவர் முதலில் ஓர் ஆண்டைத் தேர்ந்துகொள்வது நல்லது. 1949 என்று முடிவானால் டயர், சக்கரம், விளக்கு, டேஷ்போர்டு மீட்டர், இருக்கைத் துணி எல்லாம் அந்த ஆண்டில் ஒருவர் கையில் கிடைத்திருக்கக் கூடியவையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பிரேக்கிலும் ஒயரிங்கிலும், இன்றைய பொருளைத் தயங்காமல் போடலாம்.

கடைசி வெல்டிங்குக்கு முன் பாடி, இன்ஜின், சக்கரம் எல்லாவற்றையும் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, முப்பதடி தள்ளி, பம்பர் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் பானெட்டின் மேல்வரியைப் பாருங்கள். கண்ணாடிக்கு அடியிலிருந்து கிளம்பும் அந்தக் கோடு முன்னால் ரேடியேட்டர் ஷெல்லுக்கு வரும்போது சற்றே இறங்க வேண்டும். பெரிய ரேடியேட்டர் வைத்து ஷெல் கால் அங்குலம் உயர்ந்துவிட்டாலும் கோடு மேலேறி, மூக்கு தூக்கிய வண்டி மாதிரித் தெரியும். அப்போது ரேடியேட்டரின் அடித் தாங்கியை வெட்டி இறக்குங்கள், மறுபடி குந்திப் பாருங்கள்.